டொக்கென்று ஒரு சத்தம்

சுபாஷிணிக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. சத்தியமாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் அகத்துக்காரர் ஹரிநாராயணனுக்கோ, காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அதைத் தவிர வேறெதுவும் காதில் விழாது.

"சுபா, கேட்டியோ?"

"எதை?"

"டொக்குன்னு ஒரு சத்தம்."

"இல்லை."

"நன்னா காதைக் குடுத்துக் கேளு. இப்போ... இப்போ... ஆங்! கேட்டியோ?"

"நேக்கு உங்க சத்தம்தான் கேக்கறது."

கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து ஆலுவா என்ன, காசியா ராமேஸ்வரமா? சாதாரண மனுஷர்களுக்கு ஒரு மணி நேரம். டிராஃபிக் இருந்தால் ஒன்றரை. ஹரிநாராயணனோடு போனால் அரை நாள். வல்லார்பாடம் தாண்டிக் கண்டெய்னர் ரோட்டில் ஏறினதும் அவருக்கு முகம் மாறும், தலை ஒரு பக்கம் சாயும், வண்டி ஓரம் கட்டும். பக்கத்தில் லாரிகள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி திமுதிமுவென்று போகும், அவர்களுடைய நீல ஆல்டோ கிடுகிடுவென்று ஆடும், இவர் பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுவிடுவார். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீளும்.

"சுபா, இதைப் பிடி."

டார்ச், ஸ்க்ரூ டிரைவர், எண்ணெய்த் துணி, பெயர் தெரியாத ரப்பர் குழாய். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் அவள் பிடிக்காத சாமான் இல்லை. நம்ம ஊர்ப் பெண்டாட்டிகள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். இவள் புருஷனுடைய ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்படி நின்றதில்தான் ஆலுவாவில் தங்கை ஜெயலக்ஷ்மி பிள்ளை வெங்கிடேஷின் கல்யாணத்தைக் கோட்டை விட்டாள். பட்டுப்புடவையும் அட்டிகையுமாகக் கண்டெய்னர் ரோட்டில் டார்ச் பிடித்துவிட்டு இவள் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்து, சத்யை விருந்து முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாயசப் பாத்திரத்தைக் கழுவப் போட்டாயிற்று.

"அத்திம்பேர் காரை ஓட்டிண்டு வந்தாரா, தள்ளிண்டு வந்தாரா அக்கா?" என்று ஜெயா சம்பந்தி மனுஷாள் முன்னால் கேட்டாள். ஜெயா பத்து வருஷமாகக் கார் ஓட்டுகிறவள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்புகிறவள். சும்மாவே அவளுக்கு வாய் நீளம்.

சுபாஷிணிக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "அடுத்த விசேஷத்துக்கு நானே ஓட்டிண்டு வரேன். தனியா. உன் ஆத்து அடுப்பு அணையறதுக்கு முன்னாடி வந்து நிக்கறேன், பாரு!" என்று சபை நடுவே சொல்லிவிட்டாள்.

சபையே சிரித்தது. ஜெயா ரொம்பச் சிரித்தாள். அன்றைக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான்.

ஹரிநாராயணனைப் பற்றி இங்கே ரெண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கெட்டவர் இல்லை, பாவம். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கம்பெனியில் அக்கவுண்டன்ட். ஆபீசில் நாள் பூராவும் விரலால் கம்ப்யூட்டர் எலியைத் தட்டிவிட்டு வருவதால் வீட்டுக்கு வந்ததும் அவருக்குக் கை அரிக்கும். எதையாவது கழட்ட வேண்டும். மொபைலில் எவனோ ஹிந்தியில் வண்டி ரிப்பேர் சொல்லிக் கொடுப்பான். இவருக்கு ஹிந்தி தெரியாது, ஆனாலும் தலையாட்டிக்கொண்டே பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து ஆல்டோவைக் கழட்டுவார். திரும்ப மாட்டி முடித்ததும் நாலைந்து ஸ்க்ரூ மிஞ்சும். "அதிகப்படியாப் போட்டிருக்கான்" என்று சொல்லி அவற்றை ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பார். பாட்டில் நிறைந்து இப்போது ரெண்டாவது பாட்டில் ஓடுகிறது.

கழட்டினது திரும்ப மாட்ட வரவில்லையென்றால், சந்து முனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற ஒச்சப்பனைக் கூப்பிட வேண்டும். ஒச்சப்பன் உசிலம்பட்டியிலிருந்து வந்து கொச்சியில் காலூன்றினவன். ரிப்பேர் வேலையோடு ரெண்டு வண்டியை வாடகைக்கும் விடுகிறான். ஆல்டோ குடல் சரிந்து கிடக்கிற நாட்களில் அவனுடைய வாடகைக் காரைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதில் ஹரிநாராயணன் வழி நெடுகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு சத்தமும் வராது. "எந்தா இது, என்னவோ குறையறதே" என்று முகம் வாடிப் போவார். அப்பேர்ப்பட்ட மனுஷர்.

அந்த ஒச்சப்பனோடும் அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய பன்னெண்டு-பதிமூணு ஸ்பானர் காணாமல் போனது. ஒரு முனை பன்னெண்டு, மறுமுனை பதிமூணு, பிராட்வே கடைத்தெருவில் தேடித் தேடி வாங்கியது. வீட்டைக் குடைந்து பார்த்தும் கிடைக்கவில்லை. வீட்டில் இல்லையென்றால் யார் வீட்டில் இருக்கும்? ஸ்பானர் வைத்துப் பிழைக்கிறவன் வீட்டில்தானே இருக்கும்? இதுதான் அவருடைய கணக்கு.

"சார், எங்கிட்ட அது மாதிரி பதினாறு இருக்கு. உங்களோடத எடுத்து நான் என்ன, காது குடையவா?" என்று ஒச்சப்பன் தலையில் அடித்துக்கொள்வான். ஹரிநாராயணன் நம்ப மாட்டார். தெருவில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய கண் நேராக அவன் பாக்கெட்டுக்குத்தான் போகும்.

சரி, லைசென்ஸ் கதைக்கு வருவோம்.

கேரளத்தில் லைசென்ஸ் வாங்குவது என்றால் எச் எடுக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்து எச் மாதிரி மைதானத்தில் கம்பி நட்டுக் கயிறு கட்டியிருப்பார்கள். அதற்குள்ளே முன்னால் போய், ரிவர்ஸில் வந்து திரும்பி, மறுபடி முன்னால் போய், மறுபடி ரிவர்ஸில் திரும்பி வெளியே வர வேண்டும். கம்பியைத் தொடக் கூடாது. நடுவில் நிற்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டக் கூடாது. சுபாஷிணி முதல் தடவை டிரைவிங் ஸ்கூல் வண்டியில் போய் ஒரு கம்பியைச் சாய்த்தாள். ரெண்டாவது தடவை கம்பியைத் தொடவில்லை, ஏனென்றால் பயத்தில் பாதியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு அழுதுவிட்டாள்.

மூன்றாவது தடவைதான் கடைசி. லேர்னர்ஸ் லைசென்ஸ் அந்த வாரத்தோடு காலாவதி. தவறினால் மறுபடியும் ஆதியிலிருந்து எல்லாம். டெஸ்டுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆலுவாவில் வெங்கிடேஷ் குழந்தைக்கு ஆண்டு நிறைவு. ஜெயா போன் செய்து, "அக்கா, நீ ஓட்டிண்டு வரப் போறாய்னு எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன். அடுப்பை அணைக்கட்டுமா, வெச்சிண்டிருக்கட்டுமா?" என்றாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைக் கேட்டதிலிருந்து சுபாஷிணிக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

"இந்தத் தடவை நம்மாத்து வண்டியிலேயே எச் எடுக்கறேன்" என்று முடிவு பண்ணினாள். மிளகுக் கம்பெனியின் பழைய கோடௌன் முற்றம் காலியாகக் கிடந்தது. ஹரிநாராயணன் பெயின்ட் டப்பாக்களில் சிமெண்ட் போட்டுக் குழாய் நட்டு அளவெடுத்து எச் அமைத்துக் கொடுத்தார். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர். "ஆனா நான் ஓட்டறச்சே கிட்ட வரப்படாது, வாயைத் திறக்கப்படாது" என்று சொல்லி அவரைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டாள். மிளகு நெடியில் தும்மிக்கொண்டே தினம் சாயங்காலம் தனியாகப் பழகினாள்.

பழகும்போதுதான் அந்த ரகசியம் அவளுக்குக் கிடைத்தது.

ஆல்டோவின் பின்கண்ணாடியில் குருவாயூரப்பன் ஸ்டிக்கர் ஒன்று, வண்டி வாங்கின அன்று ஒட்டியது. பின்சீட்டு உறையில் நடுவே ஒரு தையல் ஓடும், அதற்கு நேர் மேலே அப்பன் நின்றுகொண்டிருப்பார். உள்ளேயிருந்து பார்க்கிறவளுக்கு முதுகுதான் தெரியும். ஆனால் கிரீடம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கிரீடம்தானே? ரிவர்ஸில் வரும்போது மூலைக் கம்பி அந்தக் கிரீடத்துக்குப் பின்னால் போய் மறைகிற நிமிஷத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால், வண்டி சொன்னபடி கேட்டு எச்சுக்குள் போய் உட்கார்ந்தது. ஒரு கம்பியிலும் படவில்லை. மறுநாளும் படவில்லை. அதற்கு மறுநாளும் படவில்லை.

கிரீடம், ஒடி. கிரீடம், ஒடி. சமையலறையில் சாம்பாரைக் கிளறும்போதும் அவள் உதடு அதையேதான் முணுமுணுத்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம் சொன்னால் உடனே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க வந்துவிடுவார்.

டெஸ்ட் அன்று காலையில் அவள் குளித்து, விளக்கேற்றி, ஒரு நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், ஹரிநாராயணன் ஈர வேட்டியும் மலர்ந்த முகமுமாக நிற்கிறார்.

"வண்டியைப் பாரு சுபா!"

ஆல்டோ பளபளவென்று இருந்தது. பானட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம். விடியற்காலையில் எழுந்து கழுவித் துடைத்து மெருகு போட்டிருக்கிறார். சுபாஷிணிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. 'எத்தனை அன்பு! நாம்தான் இந்த மனுஷரை எந்நேரமும் கரிச்சுக் கொட்டறோம்' என்று நினைத்துக்கொண்டு இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தாள். மைதானம் வரைக்கும் அவர்தான் ஓட்டினார். நல்ல நாளும் அதுவுமாக அவர் "டொக்" என்று ஆரம்பித்தபோதுகூட அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

மைதானத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர் ஸுப்ரியா, ஒடிசலான மலையாளிப் பெண், கண்ணிலே சிரிப்பின் சாயலே கிடையாது, குடை நிழலில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகத் தோற்கடித்துக்கொண்டிருந்தாள். சுபாஷிணி டிரைவர் சீட்டுக்கு மாறினாள். கண்ணை மூடி ஒரு தடவை 'கிரீடம், ஒடி' என்றாள். கண்ணைத் திறந்து பின்பக்கம் திரும்பினாள்.

பின்கண்ணாடி துல்லியமாக இருந்தது. வானம் தெரிந்தது, ஒரு காக்காய் தெரிந்தது, பின்னால் நிற்கிற வண்டிக்காரன் மூக்கைக் குடைவது தெரிந்தது. அப்பனைக் காணவில்லை.

"ஏன்னா! குருவாயூரப்பன் எங்கே?"

ஹரிநாராயணன் பக்தியோடு மேலே பார்த்தார். "எல்லா இடத்திலேயும் இருக்கார். நீ ஒண்ணும் பேடிக்காதே, பயப்படாதே."

"ஐயோ, கண்ணாடியிலே எங்கேன்னு கேக்கறேன்!"

"அதுவா? உரிச்செடுத்துட்டேன்" என்றார் பெருமையாக. "வெயில்ல வெளுத்துப் போய் முகமே இல்லாம இருந்தார். மண்ணெண்ணெய் போட்டு ஊற வெச்சு, பிளேடால சுரண்டி, பிசுக்குப் போகத் தேங்காயெண்ணெய் தேச்சு... பாரேன், தடயமே இல்லை! இன்ஸ்பெக்டர் பார்த்தா ஷோரூம்லேந்து வந்த வண்டி மாதிரி இருக்க வேண்டாமா?"

சுபாஷிணிக்கு அழுகையும் கோபமும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. கிரீடத்தின் கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். கேட்கக் கேட்க ஹரிநாராயணன் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"நீங்க என்னண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா? அந்த வண்டியிலே நேக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் கழட்டியாச்சு. இனி என்னையும் கழட்டி அந்த ஊறுகாய் பாட்டில்லே போடுங்கோ!"

அந்த நேரம் பார்த்து ஒச்சப்பன் வந்து சேர்ந்தான். வாடகைக் காரில் வேறு யாரையோ டெஸ்டுக்குக் கூட்டி வந்திருந்தான். "என்ன மாமி, கண்ணு கலங்கியிருக்கு? சார் ஏதாச்சும் கழட்டிட்டாரா?"

"சாமியைக் கழட்டிட்டார்."

ஒச்சப்பன் ஹரிநாராயணனை ஏற இறங்கப் பார்த்தான். "அடப் பாவமே. அதையுமா விட்டு வைக்கல? சரி, நம்ம வண்டிய எடுத்துக்குங்க மாமி. பின்னாடி கண்ணாடியில கருமாரியம்மன் இருக்கா."

"உக்காந்திருக்காளா, நிக்கறாளா?"

"சிங்கத்து மேல உக்காந்திருக்கா."

சிங்கத்தின் மேல் உட்கார்ந்தவளின் கிரீடம் எந்த உயரத்தில் வரும் என்று யார் கண்டது? வேண்டாம் என்று தலையாட்டினாள். அதற்குள் ஹரிநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடிவிட்டார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷர் அப்படி ஓடி அவள் பார்த்ததே இல்லை. எதிர்க்கடையில் புகுந்து, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கையில் ரெண்டு ஸ்டிக்கர். ஒன்று சபரிமலை ஐயப்பன். இன்னொன்றில் ஒரு கொழுகொழு குழந்தை படம் போட்டு, கீழே 'பேபி ஆன் போர்டு'.

"ஐயப்பன் குத்தவெச்சு உக்காந்திருக்கார்! நிக்கற சாமிக்கும் உக்காந்த சாமிக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"நின்னுண்டிருக்கறவா யாரும் ஸ்டாக் இல்லையாம் சுபா."

"அப்போ இந்தக் குழந்தை எதுக்கு?"

"அது... நன்னா இருந்தது" என்றார் பரிதாபமாக.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. முன்னால் போனவன் கம்பியை இடித்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். ஸுப்ரியா குடை நிழலிலிருந்து, "அடுத்தது யார்? தயாராக இருங்கள்" என்று மலையாளத்தில் கத்தினாள். சுபாஷிணி ரியர்வியூ கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். வியர்த்த முகம். நெற்றி நடுவே வட்டமாக, கருஞ்சிவப்பில் ஸ்டிக்கர் பொட்டு.

சட்டென்று அதைப் பிய்த்து எடுத்தாள்.

ஹரிநாராயணன் அலறிவிட்டார். "அய்யய்யோ! எடுக்காதேடி! நான் உசிரோட எதிர்ல நிக்கறேன்!"

"உசிரோட இருப்பேளா இல்லையான்னு டெஸ்ட் முடிஞ்சு சொல்றேன். பிடிங்கோ இதை. பின்னாடி போய்க் கண்ணாடியிலே வெளிப்பக்கமா நான் சொல்ற இடத்திலே ஒட்டுங்கோ."

அவர் விரல் நுனியில் பொட்டை ஏந்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். அவள் உள்ளேயிருந்து தையலுக்கு நேரே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மேலே... இன்னும் மேலே... இடது பக்கம். உங்க இடது இல்லை, என் இடது! அவ்வளவு இல்லை! கீழே ஒரு நூல்... நிறுத்துங்கோ!" மைதானமே வேடிக்கை பார்த்தது. பக்கத்து வண்டியில் இருந்த ஒரு அம்மாள் ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்து, செருப்பைக் கழட்டிவிட்டுக் கும்பிட்டாள்.

"ஒட்டியாச்சு! அப்பன் நெத்தியிலேயே வெச்ச மாதிரி!" என்றார் ஹரிநாராயணன்.

சுபாஷிணி முதல் கியரைப் போட்டாள். முன்னால் போனாள். ரிவர்ஸ் எடுத்தாள். வண்டி பின்னால் ஊர்ந்தது. மூலைக் கம்பி மெல்ல மெல்லப் பொட்டுக்குப் பின்னால் வந்தது, மறைந்தது. "கிரீடம்!" என்று வாய்விட்டுச் சொல்லி ஒடித்தாள். வண்டி சமர்த்தாக உள்ளே வந்தது. ஓரத்தில் நின்ற ஒச்சப்பன் விசில் அடித்தான். ஸுப்ரியா திரும்பிப் பார்த்ததும் விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தான்.

பாதி எச் ஆயிற்று. முன்னால் போய் நேராக்கினாள். இரண்டாவது ரிவர்ஸ். திரும்பினாள். பொட்டைத் தேடினாள்.

பொட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

தேங்காயெண்ணெய்! அந்த மனுஷர் அக்கறையாகத் தேய்த்த தேங்காயெண்ணெய்! வெயில் பட்டு எண்ணெய் இளகி, பொட்டு நிதானமாகக் கண்ணாடியில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடி ரப்பரை நோக்கி இன்னும் கீழே போயிற்று. இங்கே வண்டியும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தினால் தோல்வி. கம்பி வருகிறது. ஜெயாவின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. சுபாஷிணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீ எங்கே வேணா போ. நீ இருந்த இடம் நேக்குத் தெரியும்" என்று பொட்டைப் பார்த்துச் சொன்னாள். வெறும் கண்ணாடியில், தையலுக்கு நேர் மேலே, இத்தனை நாள் பார்த்துப் பார்த்துக் கண்ணில் பதிந்த இடத்தில் கம்பி வந்த நிமிஷம், "கிரீடம்!" என்று கத்திக்கொண்டே ஒடித்தாள்.

கண்ணை மூடிவிட்டாள் என்று பிற்பாடு ஒச்சப்பன் சொன்னான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படியோ, வண்டி எச்சைவிட்டு வெளியே வந்து நின்றபோது ஒரு கம்பியும் விழவில்லை, ஒரு கயிறும் ஆடவில்லை.

அப்புறம் ரோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஸுப்ரியா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கியர் மாற்றினதைப் பார்த்தாள், சிக்னல் போட்டதைப் பார்த்தாள், கடைசியில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, "ரிவர்ஸில் எதற்குச் சேச்சி அப்படிக் கத்தினீர்கள்?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

"பிரார்த்தனை" என்றாள் சுபாஷிணி.

ஸுப்ரியாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஏதோ ஒன்று அசைந்தது. "பாஸ். ஆனால் அடுத்த தடவை மனசுக்குள்ளே பிரார்த்தனை பண்ணுங்கள்."

ஹரிநாராயணன் ஓடி வந்தார். கண்ணில் நீர் தளும்பியது. கண்ணாடியின் அடியில் போய்ச் சேர்ந்திருந்த பொட்டை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, அத்தனை பேர் முன்னிலையில் அவள் நெற்றியில் ஒட்டினார். கொஞ்சம் கோணல். தேங்காயெண்ணெய் வாசனை வேறு. "மன்னிச்சுக்கோ சுபா" என்றார். இருந்த சந்தோஷத்தில் அவள் மன்னித்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளித்து, சந்தனம் இட்டுக்கொண்டு, டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏற வந்தார்.

"தனியா வரேன்னு சபையிலே சொல்லியிருக்கேன்" என்றாள் சுபாஷிணி.

"வழியிலே ஏதாவது சத்தம் வந்தா?"

"நீங்க இல்லாட்டா வராது. நீங்க பஸ் பிடிச்சுச் சாயங்காலத்துக்குள்ளே வாங்கோ, இல்லாட்டா ஆத்துலேயே இருங்கோ. டூல்ஸ் பெட்டியும் ஆத்துலேயே இருக்கட்டும்."

அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் கேட்டைத் திறந்துவிட்டார். சந்து திரும்பும்வரை கையசைத்தார்.

முதலில் பயமாகத்தான் இருந்தது. வல்லார்பாடம் தாண்டினதும் கண்டெய்னர் லாரிகள் ரெண்டு பக்கமும் உறுமிக்கொண்டு போயின. வழக்கமாக வண்டி ஓரம் கட்டுகிற இடம் வந்தது, போயிற்று. ஓரம் கட்டவில்லை! சுபாஷிணிக்கு ஒரே குஷி. தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள், உரக்கப் பாடினாள், ஒரு லாரிக்காரனைப் பார்த்து ஹார்ன்கூட அடித்தாள். வண்டியில் யாரும் கேட்டியோ என்று கேட்கவில்லை. அவள் காதில் எதுவும் கேட்கவும் இல்லை.

ஆலுவாவில் ஜெயா வீட்டு வாசலில் ஜனம் கூடி நின்றது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, இலை இன்னும் போடவில்லை. ஜெயா வாசற்படியில் கூலிங் கிளாஸைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தாள். சும்மா ஓட்டி வந்து நிறுத்தினால் என்ன மரியாதை? சுபாஷிணி வண்டியைத் திருப்பி, எல்லார் கண்ணெதிரிலும், ஒடுக்கமான கேட்டுக்குள் ரிவர்ஸில் விட்டாள். தலையைத் திருப்பி, வெறும் கண்ணாடியைப் பார்த்து, மனசுக்குள் கிரீடம் என்று சொல்லி ஒடித்தாள். பின்சக்கரம் கேட்டின் சின்ன மேட்டில் ஏறி இறங்கியது.

டொக்.

சுபாஷிணி பிரேக்கை மிதித்தாள். கொஞ்சம் முன்னால் எடுத்து மறுபடி ரிவர்ஸ் விட்டாள்.

டொக்.

ஐயோ, அந்த மனுஷர் சொன்னது நிஜம்! ஆனால் முன்பக்கம் இல்லை. பின்னால், டிக்கியில்! இத்தனை வருஷமும் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டு, நேரே போய் பானட்டைத் திறந்தார். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு கேட்டால்தானே பின்னாலிருந்து வருவது தெரியும்?

"இறங்கி வா அக்கா!" என்று ஜெயா ஓடி வந்து, இறங்கினவளைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை சிரிப்பில் குத்தல் இல்லை. "நிஜமா நீயேதான் ஓட்டிண்டு வந்தியா! நேக்கு இந்த கேட்ல ரிவர்ஸ் வராது, தெரியுமோ?"

இதைக் கேட்கத்தான் இத்தனை பாடும். ஆனால் சுபாஷிணி, "ஒரு நிமிஷம் இருடி" என்று தங்கையை விலக்கிவிட்டு டிக்கியைத் திறந்தாள். உள்ளே கிடந்த விரிப்பைத் தூக்கினாள். ஸ்டெப்னி டயரை நெம்பி அதன் அடியில் கையைவிட்டாள். ஜில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள்.

போன் அடித்தது. ஹரிநாராயணன்.

"போய்ச் சேந்தாச்சோ?"

"சேந்தாச்சு. இலைகூடப் போடலை."

"பேஷ்! பேஷ்!" கொஞ்சம் தயங்கினார். "வழியிலே... சத்தம் ஏதாவது கேட்டுதோ?"

சுபாஷிணி கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு முனை பன்னெண்டு, மறுமுனை பதிமூணு.

"கேட்டது."

"டொக்குன்னா?"

"டொக்குன்னுதான்."

"நான் சொல்லலே!" என்று கூவினார். "மூணு வருஷமாச் சொல்லிண்டிருக்கேன், ஒருத்தராவது நம்பினேளா? நேக்குக் காதில கோளாறுன்னேள்!"

"நீங்க சொன்னது வாஸ்தவம். இனிமே கேக்காது. ரிப்பேர் பண்ணியாச்சு."

"யாரு பண்ணினா?"

"நான்தான்."

அவர் மூச்சுவிடாமல், "நீயா? எப்படி? எதைக் கழட்டினே? ஏதாவது மிஞ்சித்தா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு மிஞ்சித்து. ஆத்துக்கு வந்து காட்டறேன். அதுக்குள்ளே நீங்க போய் ஒச்சப்பனுக்கு ஒரு சாயா வாங்கிக் குடுத்துட்டு வாங்கோ. கூடத் தின்ன ரெண்டு பழம்பொரியும்."

"ஒச்சப்பனுக்கா? அந்தத் திருடனுக்கு நான் எதுக்குச் சாயா வாங்கணும்?"

"வாங்கிக் குடுங்கோன்னா வாங்கிக் குடுங்கோ. அப்புறம் நான் வரச்சே வாசல்ல கையை நீட்டிண்டு நில்லுங்கோ" என்றாள் சுபாஷிணி. "ஒரு சாமான் தருவேன். இந்தத் தடவை நீங்க பிடிங்கோ."